கிராஃப்ட்வெர்க் இசைக்குழுவும் செயற்கை நுண்ணறிவுக் காலமும்: ஒரு வரலாற்று நோக்கு

இசையின் வரலாற்றை எழுதுவோர் பாடியவர் யார், இயற்றியவர் யார், ஆதரித்த அரசன் யார் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். கருவியைச் செய்தவன் பெயர் கடைசியில் வரும். பல சமயம் வரவே வராது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கருவியையே மேடை நடுவில் நிறுத்தி வைத்த ஒரு குழு உண்டு. மேற்கு ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள டுசல்டார்ஃப் நகரத்தில் 1970-ல் தோன்றிய கிராஃப்ட்வெர்க் என்பதே அது.

சங்க மலரில் ஜெர்மன்காரன் பாட்டுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது. அதே கம்ப்யூட்டர் இப்போது "ஒரு பாட்டுப் போடு" என்றால் அரை நிமிஷத்தில் மெட்டு, குரல், தாளம் எல்லாம் சேர்த்துப் போட்டுத் தருகிறது. இயந்திரம் பாடினால் அது யாருடைய பாட்டு? கூலி யாருக்குச் சேரும்? இந்தக் கேள்விகளை ஐம்பது வருஷத்துக்கு முன்பே தங்கள் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். அதனால் இவர்களுடைய வரலாறு நமக்கும் வேண்டியதாகிறது.

பெயரும் பிறப்பும்

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் சொல்லுக்கு மின் உற்பத்தி நிலையம் என்று பொருள். நம் பேச்சில் சொன்னால் பவர் ஹவுஸ். தோற்றுவித்தவர்கள் இருவர். ரால்ஃப் ஹூட்டர் 1946-ல் பிறந்தவர், விசைப்பலகை வாசிப்பவர். ஃப்ளோரியன் ஷ்னைடர் 1947-ல் பிறந்தவர், முதலில் புல்லாங்குழல்காரர். இவருடைய தகப்பனார் பால் ஷ்னைடர்-எஸ்லெபன், கொலோன்-பான் விமான நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர். இருவரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள்.

அவர்கள் வளர்ந்த ஜெர்மனி குண்டுவீச்சில் நொறுங்கி எழுந்த நாடு. தகப்பன் தலைமுறையின் பாட்டைப் பாட வாய் கூசும். இளைஞர்களோ அமெரிக்க, ஆங்கிலப் பாட்டுகளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நகரமான கொலோனில் வானொலி நிலையத்தார் 1951-ல் ஒரு மின்னணு இசைக்கூடம் தொடங்கியிருந்தார்கள். ஸ்டாக்ஹவுசன் போன்ற மேதைகள் அங்கே ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். அது பண்டிதர் இசை. அந்த நுட்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கிராஃப்ட்வெர்க்.

டுசல்டார்ஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்ட்ராப் தெருவில் ஒரு கூடம் பிடித்தார்கள். அதற்குக் கிளிங் கிளாங் என்று பெயர். நம் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்போமே, சலசல, கலகல மாதிரி, அந்த இனத்தைச் சேர்ந்த ஓசைப்பெயர் என்று கொள்ளலாம். தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதைவிட 'இசைத் தொழிலாளி' என்று சொல்லிக்கொள்வதையே ஹூட்டர் விரும்பினார். தொழிற்சாலைக்குப் போவது மாதிரி தினமும் கூடத்துக்குப் போய் வேலை பார்த்தார்கள். கடையில் கிடைக்காத கருவியைத் தாங்களே செய்துகொண்டார்கள். தட்டினால் தாளம் போடும் மின்னணுப் பலகைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள்.

1974-ல் வந்த 'ஆட்டோபான்' இசைத்தட்டுதான் உலகம் அறியச் செய்தது. ஆட்டோபான் என்றால் ஜெர்மனியின் விரைவுச்சாலை. கார்க் கதவு சாத்தும் சத்தத்தில் ஆரம்பித்து 22 நிமிஷத்துக்கும் மேல் போகும் ஒரே பாட்டு. வண்டியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே போகிற அனுபவம், அவ்வளவுதான். அதைச் சுருக்கி மூன்று நிமிஷச் சொச்சமாக்கி வெளியிட்டபோது 1975-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 25-ஆம் இடமும், பிரிட்டனில் 11-ஆம் இடமும் பிடித்தது. பிறகு 1975-ல் 'ரேடியோ ஆக்டிவிட்டி', 1977-ல் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்', 1978-ல் 'மேன்-மெஷின்', 1981-ல் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்'. சாலை, வானொலி, ரயில், ரோபோ, கம்ப்யூட்டர் என்று தங்கள் காலத்து இயந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடினார்கள்.

குரல் கொடுத்தது யார்?

இவர்களுடைய பாட்டில் உலோகத்தில் வார்த்த மாதிரி ஒரு குரல் கேட்கும். வோகோடர் என்ற கருவியின் வேலை அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்பவர் 1930-களில் தொலைபேசிக்காகக் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ரகசியமாகப் பேசிக்கொண்ட ஏற்பாட்டிலும் இந்த நுட்பம் இருந்தது. போர்க்கருவியாக இருந்ததை இவர்கள் 1973-லேயே பாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒருவர் மைக்கில் பேசுகிறார். கருவி அந்தக் குரலை வரிசையான ஒலிப் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எந்த நொடி எவ்வளவு பலம் என்று அளக்கிறது. அந்த அளவை மின்னணு விசைப்பலகையின் நாதத்தின் மேல் ஏற்றுகிறது. நாதம் இயந்திரத்துடையது, உச்சரிப்பு மனிதனுடையது. மைக் முன்னால் ஆள் நிற்கவில்லை என்றால் வோகோடர் ஊமை. ஷ்னைடர் இதில் இன்னும் ஆழமாகப் போய், பாடும் குரலை அந்தந்த நேரத்திலேயே செயற்கையாக உண்டாக்கும் முறை ஒன்றுக்கு 1990 வாக்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2020-ல் அவர் காலமானார்.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக் குரல் வேறு வகை. ஏற்கெனவே பதிவான குரல்களைப் படித்துப் பழகி, அடுத்தாற்போல என்ன ஒலி வரும் என்று கணித்துப் பாடுகிறது. பாடும் நேரத்தில் மைக் முன்னால் யாரும் நிற்கவேண்டியதில்லை. உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் மறுபடி கேட்கவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார். அந்த அளவுக்கு அது நேர்மையான கணக்கு. எல்லாரும் அப்படிக் கேட்டுவிட்டா செய்கிறார்கள் என்பதுதான் இப்போதைய சங்கடம்.

ரோபோவும் வெட்டிவேலையும்

'மேன்-மெஷின்' தட்டின் அட்டையில் நால்வரும் சிவப்புச் சட்டை, கறுப்பு டை, சாயம் பூசிய உதடு என்று பொம்மை மாதிரி நிற்பார்கள். 'தி ரோபாட்ஸ்' என்ற முதல் பாட்டில் ரஷ்ய மொழியில் வேலைக்காரன், தொழிலாளி என்று பொருள்படும் சொற்கள் வரும். பிற்காலக் கச்சேரிகளில் இந்தப் பாட்டின்போது இவர்களைப் போலவே செய்த பொம்மைகள் மட்டும் மேடையில் கைகால் அசைக்கும். வாசிப்பவர்கள் இருக்கமாட்டார்கள். ஜனங்கள் கைதட்டுவார்கள்!

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. ரோபோ என்ற சொல்லின் பிறப்பைப் பார்க்கவேண்டும். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் முதன்முதலாக வந்தது அது. 'ரோபோட்டா' என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்யும் வேலை. நம் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று வருமே, அதே பொருள். ஆக ரோபோ என்பதை நேராகத் தமிழாக்கினால் 'வெட்டியாள்' என்றே ஆகும். இயந்திரம் என்ற எண்ணமே கூலி கொடுக்காத உழைப்பு என்ற ஆசையில் பிறந்தது போலும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும். தானே கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்கிறோம். ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, ஆபாசமும் வன்முறையுமான எழுத்துகளைப் படித்துத் தரம் பிரித்துக் கொடுத்த கென்யா நாட்டுத் தொழிலாளிகளுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலியே கிடைத்தது என்று டைம் பத்திரிகை 2023 ஜனவரியில் எழுதியது. கிராஃப்ட்வெர்க் மனிதனை ரோபோவாக வேஷம் போட்டுக் காட்டியது. இன்று ரோபோவுக்குள்ளே மனிதன் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான்.

1981: கணினி உலகம்

'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' 1981 மே மாதம் வெளிவந்தது. ஐ.பி.எம். கம்பெனியின் பர்சனல் கம்ப்யூட்டர் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. வீட்டுக்கு வீடு கணினி, கணினி வழியே துணை தேடும் தனிமை, கையடக்கக் கால்குலேட்டர் எல்லாம் அந்தத் தட்டில் இருக்கின்றன. தலைப்புப் பாட்டில் இன்டர்போல், டாய்ச் பாங்க், எஃப்.பி.ஐ., ஸ்காட்லாந்து யார்டு ஆகிய நான்கு பெயர்களை அடுக்குவார்கள். போலீசையும் பாங்கையும் ஒரே வரிசையில் வைத்தது எதனால்?

அன்றைய மேற்கு ஜெர்மனியில் அதற்குக் காரணம் இருந்தது. தீவிரவாதிகளைப் பிடிக்க, மத்தியக் குற்றவியல் போலீஸ் தலைவர் ஹார்ஸ்ட் ஹெரால்டு கணினியைப் பெரிய அளவில் இறக்கினார். 1979-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மின்கட்டணத்தை ரொக்கமாகக் கட்டியவர்களின் பட்டியலை எடுத்து, வேறு பட்டியல்களோடு ஒப்பிட்டு, நியாயமாக விளக்கம் உள்ளவர்களை நீக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சிய ஓரிருவரில் ஒருவர் தேடப்பட்ட ஆள். பிடித்தது சரிதான். ஆனால் ரொக்கம் கொடுத்த ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு சல்லடைக்குள் விழுந்து எழுந்தார்கள். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியும். 1983 டிசம்பரில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவலை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது 2017-ல்.

இந்தத் தட்டின் ஒலிநாடா எனக்குக் கிடைத்தது எண்பதுகளின் நடுவில், மும்பை ஃபோர்ட் நடைபாதையில். வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் 'பாக்கெட் கால்குலேட்டர்' என்ற பாட்டு உடனே பிடித்துப்போயிற்று. கால்குலேட்டர் பொத்தானின் கீச்சுச் சத்தத்தையே மெட்டாகப் போட்டிருந்தார்கள். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் என்று பல மொழிகளில் அதைப் பாடியிருக்கிறார்கள். கச்சேரியில் சின்னக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து, முன்வரிசை ரசிகர்களையே பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இயந்திரம் யாருக்கும் பூச்சாண்டி இல்லை, தொட்டுப் பார் என்பதுபோல.

அந்த நாட்களில் எங்கள் மார்க்கெட்டில் கால்குலேட்டர் புதுசு. பக்கத்துக் கடையில் வயதான முனீம்ஜி ஒருவர் இருந்தார். கால்குலேட்டரில் கூட்டி முடித்த பிறகும் பேரேட்டைத் திருப்பி ஒருதரம் வாய்க்குள்ளே முணுமுணுத்துக் கூட்டிப் பார்ப்பார். மெஷினை அவர் வெறுத்தவர் இல்லை. முதலாளியிடம் சொல்லி வாங்க வைத்ததே அவர்தான். கூட்டுவது மெஷினாக இருந்தாலும் பக்கத்தின் கீழே போடும் கையெழுத்து தன்னுடையது என்பதே அவர் கணக்கு.

கடன் வாங்கியவர்கள்

கிராஃப்ட்வெர்க்கின் வாரிசுகள் ஜெர்மனியில் மட்டும் பிறக்கவில்லை. 1982-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆஃப்ரிகா பம்பாட்டா வெளியிட்ட 'பிளானட் ராக்' பாட்டில் மெட்டு 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' பாட்டினுடையது. தாளம் 'நம்பர்ஸ்' பாட்டை ஒட்டியது. டேப்பிலிருந்து நகல் எடுக்காமல் புதிதாக வாசித்தே சேர்த்தார்கள். டெட்ராய்ட் நகரத்தில் வுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் இந்த ஜெர்மன் இசையைக் கேட்டு, டெக்னோ என்ற புது இசையையே படைத்தார்கள். டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். இயந்திரக் கை வந்து மனிதக் கைகளுக்கு வேலை போன ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் இயந்திரத்திடமிருந்தே தங்கள் பாட்டை வாங்கிக்கொண்டார்கள். 2005-ல் கோல்ட்ப்ளே குழு 'கம்ப்யூட்டர் லவ்' மெட்டை அனுமதி கேட்டு வாங்கி 'டாக்' என்ற பாட்டில் வைத்தது.

இரண்டு விநாடி வழக்கு

கேட்டு வாங்காதவர் ஒருவரோடு நடந்த வழக்குத்தான் இந்த வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயம். 1977 தட்டில் 'மெட்டால் ஆஃப் மெட்டால்' என்று ஒரு துண்டு உண்டு. உலோகத்தின் மேல் உலோகம் என்று பொருள். அதிலிருந்து சுமார் இரண்டு விநாடித் தாளத்தை அப்படியே நகல் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 1997-ல் சப்ரினா செட்லூர் பாடிய 'நூர் மியர்' பாட்டில் சேர்த்தார் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம். ஹூட்டரும் ஷ்னைடரும் வழக்குப் போட்டார்கள்.

ஹாம்பர்க் நீதிமன்றம் 2004-ல் கிராஃப்ட்வெர்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் கலைச் சுதந்திரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம், எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும். காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் விலக்கு என்றது. 2021-ல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தி, பிறர் படைப்பைத் தழுவிச் செய்யும் கலைக்கு இடம் கொடுத்தது. உடனே தழுவல் என்றால் என்ன என்ற கேள்வி எழுந்து, 2023-ல் மறுபடியும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே போயிற்று. இரண்டு விநாடிச் சரக்குக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக வழக்கு! கேட்டால் சிரிப்பு வரும்.

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால் கதை வேறு. ஒரு மனிதன் ஒரு மனிதனிடமிருந்து இரண்டு விநாடி எடுத்ததற்கு இத்தனை நீதிபதிகள் மூளையைக் கசக்கினார்கள். இன்றைய இயந்திரங்கள் விழுங்கியிருப்பது உலகத்தின் பாட்டுக் களஞ்சியத்தில் எவ்வளவு பங்கு? 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் சூனோ, யூடியோ என்ற பாட்டுப்போடும் நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தன. 2025 கடைசியில் அவர்களில் சிலர் பேசித் தீர்த்து ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். 2025 நவம்பர் 11-ல் மியூனிக் நீதிமன்றம், ஒன்பது ஜெர்மன் பாடல்களின் வரிகள் விஷயத்தில் சாட்ஜிபிடி நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் உரிமையை மீறியது என்று அந்நாட்டு இசையமைப்பாளர் சங்கமான கெமாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

சின்னப்பிள்ளைகளின் கலையை நசுக்கப் பார்த்த கஞ்சர்கள் என்று கிராஃப்ட்வெர்க்கை அந்த வழக்கின்போது ஏசியவர்கள் உண்டு. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. டெட்ராய்ட் பிள்ளைகள் கேட்டுக் கற்றதைத் தடுத்திருந்தால் டெக்னோ பிறந்திருக்காது. ஆனால் கேட்டுக் கற்பதும், சரக்கையே தூக்கி வண்டியில் ஏற்றுவதும் ஒன்றாகிவிடுமா? அந்த எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வியை உயிரோடு வைத்திருந்ததே அந்த வழக்கின் பயன்.

இன்றும் ஏன்?

கிராஃப்ட்வெர்க்குக்குப் பட்டங்கள் பல வந்துவிட்டன. 2012-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவு, இரவுக்கு ஒரு தட்டாக வாசித்தார்கள். 2014-ல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது. தொடங்கியவர்களில் மிஞ்சியிருக்கும் ஹூட்டர் 2025-லும் அமெரிக்கா போய் மேடை ஏறினார். இதெல்லாம் பெருமை. ஆனால் இவர்கள் இன்றைக்கும் பொருந்துவது இதனால் இல்லை.

இவர்களிடமும் ரகசியம் உண்டு. கிளிங் கிளாங் கூடத்துக்குள் வெளியாரைச் சுலபத்தில் விட்டதில்லை, பேட்டியும் அபூர்வம். ஆனால் மசாலாப் பொடியின் கலவையை மறைப்பது வேறு, மிளகாய் எந்தக் கடையில் எடுத்தது என்று மறைப்பது வேறு. முதலாவது தொழில் ரகசியம். இரண்டாவது கணக்கு. கிராஃப்ட்வெர்க் தட்டுகளில் பாட்டெழுத உதவிய ஓவியர் எமில் ஷூல்ட் பெயர் இருக்கிறது. இசையில் பங்குபெற்ற கார்ல் பார்ட்டோஸ் பெயர் இருக்கிறது. பாடுவது இயந்திரமா ஆளா என்று யாரையும் அவர்கள் ஏமாற்றவில்லை. இயந்திரத்தை மேடையில் வைத்து விளக்குப் போட்டுக் காட்டினார்கள். மனிதனையும் இயந்திரத்தையும் ஒரே பேரேட்டில், தனித்தனிப் பத்தியில் எழுதினார்கள்.

இன்றைய பாட்டு இயந்திரங்களிடம் அந்தப் பேரேடு இல்லை, அல்லது இருந்தும் காட்டுவதில்லை. யார் குரல், யார் மெட்டு, யார் கூலி என்று கேட்டால் பதில் வராது. இயந்திரத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பேரேட்டைத் திறந்து காட்டு என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதற்குக் கிராஃப்ட்வெர்க் வரலாறு நல்ல சாட்சி.

நம் சங்கத்து இளையவர்களுக்கு இந்த எளியவனின் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த மலருக்குக் கட்டுரையோ கவிதையோ விழாப் பாட்டோ அனுப்பும்போது இயந்திரத்தின் உதவி வாங்கியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். எவ்வளவு வாங்கினீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதி, அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.